எஃப்.சி. காட்டப் போன கதை

வண்டி வாங்க வேண்டும் என்று முடிவு செய்தது ஒரு பஸ் நிழற்குடையில் வைத்துத்தான். சுடுகாட்டுப் பாதைப் பிரச்சினை ஒன்றுக்காக, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு கிராமத்துக்கு நானும் இன்னொரு தோழரும் போயிருந்தோம். காலனியில் பேசி, எழுதி, கையெழுத்து வாங்கி முடிப்பதற்குள் எட்டரை மணி கடைசி பஸ் போய்விட்டது. இங்கேயே படுத்துக்குங்க என்றார்கள். அவர்களுக்கே படுக்க இடமில்லை. ஊர்த்தெரு வழியாக நடந்து ரோட்டுக்கு வந்தோம். ஏழெட்டுப் பேர் பின்னாலேயே வந்தார்கள். ஒன்றும் செய்யவில்லை, ஒன்றும் பேசவும் இல்லை. வந்தார்கள், அவ்வளவுதான். விடியும்வரை நிழற்குடையில் உட்கார்ந்திருந்தோம். தோழர் தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

இது நடந்தது 2025 மார்ச்சில். அதற்கு முந்தைய மாதம்தான் சிவகங்கை மாவட்டத்தில் நம் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகளை வெட்டியிருந்தார்கள். புல்லட் ஓட்டியதற்காக வெட்டினார்கள் என்று குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு வண்டி வாங்கப் போகிறவன் கொஞ்சம் யோசிக்கத்தான் செய்வான். நானும் யோசித்தேன். புல்லட் வாங்குகிற வசதி எனக்கு இல்லாதது ஒரு பாதுகாப்பு என்று சொல்லிச் சிரித்துக்கொண்டோம்.

டவுனில் இருக்கும் ஒரு கன்சல்டிங்கில் 2010 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் கிடைத்தது. பதினெட்டாயிரம். பத்து அம்மாவின் சீட்டுப் பணம். எட்டு நான் டுடோரியலில் தொல்காப்பியமும் நன்னூலும் நடத்திச் சேர்த்தது. வண்டி ஓட்டமாக இருந்தது, புகை இல்லை. ஆனால் ஹெட்லைட் டூம் மேலே ‘ஆண்ட பரம்பரை’ என்று சிவப்பும் மஞ்சளுமாக ஒரு ஸ்டிக்கர். டேங்க்கில் இரண்டு பக்கமும் வாள். நம்பர் பிளேட்டில் நம்பருக்கு மேலேயும் அதே பரம்பரை, கொட்டை எழுத்தில். நம்பர் சின்னதாகக் கீழே கிடந்தது.

“இதெல்லாம் கிழிச்சிக் குடுத்துடுங்க” என்றேன்.

கன்சல்டிங்காரர் என்னைப் பார்த்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. என் பெயரிலும் ஒன்றும் தெரியாது. “இருக்கட்டும் சார். இந்தப் பக்கம் ஓட்டுறதுக்கு நல்லதுதான? எவனும் கை காட்ட மாட்டான்” என்றார்.

அன்று ராத்திரியே வண்டியை அம்மாவிடம் காட்ட ஊருக்கு எடுத்துப் போனேன். நான் டவுனில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறவன், வாரத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்குப் போவேன். காலனித் தெருவில் நுழையும்போது குறுக்கே ஒரு நாய் வந்தது. ஹாரனை அழுத்தினேன். சாதாரண ஹாரன் இல்லை அது. நாலைந்து ராகத்தில் மாறி மாறி அலறுகிற ஹாரன், லாரிக்காரர்கள் வைத்திருப்பது மாதிரி. தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் சட்டென்று ரெண்டு பக்கமும் ஓடி சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். ஒரு வீட்டில் வாசல் விளக்கை அணைத்தார்கள். கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த ஆயா எழுந்து உட்கார்ந்து முந்தானையைச் சரி செய்தது.

அம்மா வாசலுக்கு வந்து, ஹெல்மெட்டைக் கழட்டியது நான்தான் என்று பார்த்த பிறகும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“அது அவன் வண்டிடா” என்றது.

பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன். மாரியம்மன் கோயில் திருவிழா சமயத்திலெல்லாம் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மூன்று பேரை ஏற்றிக்கொண்டு எங்கள் தெருவுக்குள் நுழைந்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போய், திரும்பி வருவானாம். அதற்காகவேதான் அந்த ஹாரன். புது வண்டி எடுத்ததும் இதைக் கன்சல்டிங்கில் தள்ளிவிட்டிருக்கிறான். என் தெருவை மிரட்டிய வண்டியை, என் அம்மாவின் சீட்டுப் பணத்தில் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

“அந்தக் கருமத்தச் சொரண்டாம இத இங்க எடுத்துட்டு வராத” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது.

மறுநாளே சுரண்டியிருக்க வேண்டும். சுரண்டவில்லை. அதைப் பற்றித்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

விடியற்காலையில் வண்டியை டவுனுக்கு ஓட்டிக்கொண்டு போகும்போது, நுழைகிற இடத்தில் வண்டிச் சோதனை. அப்போது இன்சூரன்ஸ் முடிந்து போயிருந்தது, புகைச் சான்று கிடையாது, ஆர்.சி. இன்னும் அவன் பெயரில். ஒரு காவலர் கையைக் காட்டி நிறுத்தி, டூமைப் பார்த்தார். டேங்க்கைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “நம்ம பையனா? போ போ, ஹெல்மெட்ட ஒழுங்கா மாட்டிட்டுப் போ” என்றார். நான் தலையை ஆட்டினேன். தோழர்களே, தலையை ஆட்டினேன். மேடையில் ஒரு மணி நேரம் பேசுகிற வாய் அது. அங்கே ஒரு சொல் வரவில்லை.

அதற்குப் பிறகு ஐம்பது நாள் அந்த ஸ்டிக்கரோடுதான் ஓட்டினேன். நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். எத்தனையோ ஊர்த்தெருக்களில் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் தலை தூக்கிப் பார்ப்பார்கள், டூமைப் பார்த்ததும் தலையை இறக்கிக்கொள்வார்கள். ஒரு இடத்தில் டீக்கடைக்காரர் கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தார். கண்ணாடி டம்ளரில். குடித்தேன். பயமில்லாமல் ஒரு ஊர்த்தெருவைக் கடப்பது எப்படி இருக்கும் என்று முப்பத்தைந்து வயதில்தான் தெரிந்தது. இவர்களுக்கு இது தினமும் இருக்கிறதே என்று பொறாமையாக இருந்தது. அதை எப்படி விடுவது?

அந்தச் சுடுகாட்டுப் பாதைக் காலனிக்கு மறுபடி போனபோதுதான் விலை தெரிந்தது. போன தடவை படுத்துக்கொள்ளச் சொன்னவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு கிழவி மட்டும் வண்டியைச் சுற்றி வந்து, “யாரு வண்டி தம்பி இது? யாரு அனுப்பிச்சாங்க?” என்றது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த இளைஞர் ஒருவர் அந்தப் பேப்பரைத் திருப்பிக் கேட்டார். விளக்கிச் சொல்ல அரை நாள் ஆனது. முழுதாக நம்பினார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதற்கிடையில் ஆர்.சி. விஷயம். தனியார் வண்டிகளுக்குப் பதிவுச் சான்று பதினைந்து வருஷம்தான் செல்லும். அதற்குப் பிறகு வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்டி, ரோட்டில் ஓடத் தகுதியானது என்று சான்று வாங்கினால் இன்னும் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்துத் தருவார்கள். சனங்கள் இதை எஃப்.சி. காட்டுவது என்பார்கள். என் வண்டிக்கு 2025 ஜூலையோடு கெடு. 29-ஆம் நம்பர் படிவத்திலும் 30-ஆம் நம்பர் படிவத்திலும் அவனுடைய கையெழுத்தைக் கன்சல்டிங்காரர் முன்பே வாங்கி வைத்திருந்ததால் பெயர் மாற்றம் சுலபமாக முடிந்தது. அவன் பெயருக்குக் கீழே என் பெயர், என் அப்பா பெயர், எங்கள் காலனி விலாசம். விற்ற கை எது, வாங்கிய கை எது என்று அவனுக்குத் தெரியாது. இன்சூரன்ஸ் போட்டேன். புகைச் சான்று எடுத்தேன். பசுமை வரி கட்டினேன். 25-ஆம் படிவம் பூர்த்தி செய்து ஜூனில் ஒரு நாள் போனேன்.

புரோக்கர் ஒருவரும் கூட வந்தார், அல்லது நான் அவரோடு போனேன். “ஸ்டிக்கர் இருக்கட்டும் சார், வேல ஈசியா முடியும்” என்று இவரும் அதையே சொன்னார். இந்த ஸ்டிக்கர்தான் நாட்டின் உண்மையான ஆர்.சி. புக்கு என்று அப்போது தோன்றியது.

ஆபீசுக்குப் பின்னால் ஒரு பொட்டல். வேப்பமரத்தடியில் இருபது முப்பது வண்டிகள், வெயில், காத்திருப்பு. மோட்டார் வாகன ஆய்வாளரை எங்கள் பக்கம் இன்றும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்வார்கள். வந்தார். ஹேண்டில் பாருக்குக் கீழே கழுத்தில் பொறித்திருக்கிற சேஸிஸ் நம்பர் மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் உரசி எடுக்கச் சொன்னார். ஒரு எழுத்து, ஒரு எண்ணாகப் பேப்பரில் எழும்பி வந்தது. ஆர்.சி.யோடு ஒத்துப் பார்த்தார். பிரேக்கை மிதிக்கச் சொன்னார், ஸ்டாப் லைட் எரிந்தது. டிம், பிரைட். ரெண்டு பக்க இண்டிகேட்டர். டயரில் பட்டன் தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவினார். கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். பிறகு நம்பர் பிளேட்டுக்கு எதிரே வந்து நின்றார்.

“நம்பர் பிளேட்டுல நம்பர் மட்டும்தான் இருக்கணும். ஒங்க பரம்பரைய எல்லாம் ஊட்ல வெச்சிக்கங்க.”

ஹாரனை அடித்தேன். பொட்டலே திரும்பிப் பார்த்தது.

“இந்த மாதிரி மாத்தி மாத்திக் கத்துற ஹாரன் வெக்கக் கூடாதுன்னு 1989-லயே ரூல்ஸ் வந்தாச்சி. ரோடு என்ன ஒங்க அப்பன் ஊட்டு ரோடா? கழட்டிட்டு, பிளேட்ட மாத்திட்டு எடுத்துட்டு வா.”

ரோடு என் அப்பன் வீட்டு ரோடு இல்லை என்பது எனக்கு அவரை விட நன்றாகவே தெரியும். சார், அது என் பரம்பரை இல்லை, என்று சொல்ல வாயெடுத்தேன். புரோக்கர் பக்கத்தில் நின்றிருந்தார். சுற்றிலும் ஆட்கள். சொன்னால், அடுத்த கேள்வி, அப்ப நீ யாரு? வாங்குகிற திட்டு எனக்கானது இல்லை, ஆனால் வாங்குவது நான். நியாயமாகப் பேசிய ஒரு அதிகாரியின் முன்னால் சாதி வெறியனாக நின்றுகொண்டிருந்தேன். அவர் எந்த ஆள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அந்தக் கெட்ட பழக்கம் என்னையும் விடவில்லை.

திரும்பப் போகாமல் அந்த வேப்பமரத்தடியிலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அண்ணல் அம்பேத்கருக்கு 1929-இல் சாலிஸ்கானில் நேர்ந்தது ஞாபகம் வந்தது. தீண்டப்படாதோரின் குறைகளை விசாரிக்கப் பம்பாய் அரசு போட்ட குழுவில் அவர் உறுப்பினர். ஸ்டேஷனில் இறங்கியவரை மகார்வாடாவுக்குக் கூட்டிப் போக மக்கள் வந்திருந்தார்கள். டோங்கா வண்டிக்காரர்கள் ஒருவரும் ஓட்ட வரவில்லை. மகாருக்கு வண்டி ஓட்டுவது அவர்களுக்கு இழுக்கு. விருந்தாளியை நடக்க விட மக்களுக்கு மனசில்லை. கடைசியில் வண்டியை மட்டும் வாடகைக்குக் கேட்டு வாங்கி, ஓட்டிப் பழக்கமில்லாத நம்மாள் ஒருவரே ஓட்டினார். ஆற்றுப் பாலத்தின் கல் இடுக்கில் சக்கரம் மாட்டி, குதிரையும் வண்டியும் ஆற்றில் விழ, பாபாசாகேப் கல் தரையில் தூக்கி எறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. சொந்த அனுபவங்களை எழுதி வைத்த சிறு நூலில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். அந்த டோங்காவை எந்த பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்திருந்தாலும் சக்கரம் சரி, அச்சு சரி, குதிரை சரி என்றுதான் எழுதியிருப்பார். வண்டியில் ஒரு கோளாறும் இல்லையே.

அரசாங்கத்துக்குத் தெரியாமலும் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015-இல் திருத்தினார்கள், அது 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டவிடாமல் நம்மைத் தடுப்பது குற்றம் என்று அதில் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். செருப்பு, புதுத்துணி, கல்யாண ஊர்வலக் குதிரை எல்லாம் அதே வரிசையில் வருகிறது. மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் போதாமல் இன்னொரு சட்டமும் தேவைப்படுகிற குடிமக்கள் நாம். டீக்கடையிலும் திண்ணையிலும் என்னைக் காப்பாற்றியது என்னவோ ரெண்டு சட்டமும் இல்லை. நூறு ரூபாய் ஸ்டிக்கர்.

எங்கள் காலனிப் பையன் ஒருவன் டவுனில் மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். மாமா என்று கூப்பிடுவான். அவனிடம் விட்டேன். மண்ணெண்ணெயை ஊற்றி, பிளேடால் மெதுவாகச் சுரண்டினான். “மாமா, இவ்ளோ நாளு இதோடவா ஓட்ன?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் சுரண்டினான். எழுத்து போய்விட்டது. ஆனால் ஸ்டிக்கர் மூடியிருந்த இடத்தில் வெயில் படாததால் பெயிண்ட் கன்னங்கரேலென்று அப்படியே இருந்தது, சுற்றிலும் வெளுத்துப் போயிருந்தது. தள்ளி நின்று பார்த்தால் வாள் தெரிந்தது. டேங்க்குக்கு பெயிண்ட் அடிக்க ஆயிரத்தைந்நூறு கேட்டான். என்னிடம் இல்லை. ஹாரனைக் கழற்றி, ஒயரை வெட்டி, கம்பெனி மாடல் ஹாரன் ஒன்றைப் போட்டான். புது நம்பர் பிளேட் ரெண்டு. பழைய ஹாரனை என்ன செய்வது என்று கேட்டான். காயலான் கடையில் போடு என்றேன். “நல்ல வெல போவும் மாமா, வாங்கறதுக்கு ஆள் இருக்கு” என்றான். அதனால்தான் சொல்கிறேன், ஒடச்சிப் போடு என்றேன். சுத்தியலால் ரெண்டு போடு போட்டான்.

மறு வாரம் திரும்பப் போனேன். அதே பொட்டல், அதே அதிகாரி. பிளேட்டைப் பார்த்தார். டேங்க்கில் இருந்த வாள் நிழலையும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. “ஹாரன்” என்றார்.

தொட்டேன். ஒரு சின்ன ‘பீக்’.

“பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி தொடுறியே. நல்லா அடிய்யா.”

கை போகவில்லை. ஐம்பது நாள் அந்தக் கத்தல் ஹாரனை அடித்தவன்தான், அப்போதெல்லாம் கை நடுங்கவில்லை. அது என் சத்தம் இல்லை என்று கைக்குத் தெரிந்திருக்கும் போல. இந்த ஹாரன் என்னுடையது. அந்த நிமிஷத்தில் ஞாபகம் வந்தது அப்பாவின் சைக்கிள். அதில் பெல் இருக்காது. பெல் மாட்டுகிற வளையம் மட்டும் துருப்பிடித்து ஹேண்டில் பாரில் இருக்கும். ஊர்த்தெரு முனையில் இறங்கி, கடைசி வீடு தாண்டும்வரை தள்ளிக்கொண்டுதான் போவார், பின்னால் கேரியரில் நான். பெல்லை ஊர்க்காரர்கள் பிடுங்கிவிட்டார்கள் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒரு கட்டுரையில் அப்படியே எழுதியும் விட்டேன். படித்துக் காட்டியபோது அப்பா சொன்னார்: “யாரும் புடுங்கல. தள்ளிக்கினு போவும்போது பள்ளத்துல எறங்கி அதுவா அடிச்சிடும். எதுக்கு வம்புன்னு நான்தான் கழட்டிப் போட்டேன்.” கட்டுரையைத் திருத்தவில்லை. கழற்றச் சொல்லாமலே கழற்ற வைப்பதை எந்தப் பிரிவில் எழுதுவது?

அடித்தேன். அதிகாரி படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். “போ. ப்ரேக் ஷூ மட்டும் சீக்கிரம் மாத்திக்க” என்றார். 2030 வரைக்கும் வண்டி ரோட்டில் ஓடலாம்.

புது ஆர்.சி. கைக்கு வந்த பிறகு ஒரு சாயந்திரம் ஊருக்குக் கிளம்பினேன். டவுன் முனையில் வண்டிச் சோதனை. அதே இடம், காவலர் வேறு. டூமில் ஒன்றும் இல்லை. லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாவற்றையும் கேட்டார். எல்லாவற்றையும் கொடுத்தேன். எல்லாம் சரியாக இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆர்.சி.யில் விலாசத்தைப் படித்தார். “காலனியா?” என்றார். ஆமாம் என்றேன். “வண்டி ஏது?” என்றார். வாங்கியது என்றேன். “அந்தாண்ட நிறுத்து.” நாற்பது நிமிஷம் நின்றேன். எனக்குப் பிறகு வந்தவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். கடைசியில் பேப்பரை நீட்டி, போ என்று கையைக் காட்டினார். காரணம் கேட்டேன். கேட்டேன் என்பதை எழுதிக்கொள்ள ஆசைதான், அவர் பதில் சொல்லவில்லை.

ஊர்த்தெருவை இருட்டில் கடந்தேன். இறங்கவில்லை. ஹாரன் அடிக்க வேண்டிய அவசியமும் வரவில்லை, தெரு காலியாக இருந்தது. அதைப் பெரிய வீரமாக எழுத ஒன்றுமில்லை, திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

காலனித் தெருவில் நான் வந்தது ஒருத்தருக்கும் தெரியவில்லை. வாசலில் வண்டியை நிறுத்திய பிறகுதான் அம்மா எட்டிப் பார்த்தது. “வந்த சத்தமே கேக்கலியே, சாப்ட்டியா?” என்றது. டூமைத் தடவிப் பார்த்தது. டேங்க்கில் நிழலைப் பார்த்துவிட்டு, “இதுக்கு எதனா பெயிண்ட அடி” என்றது. பிள்ளைகள் முதலில் கிட்டே வரவில்லை. பழைய வண்டி என்று அடையாளம் தெரிந்திருக்கிறது. பிறகு ஒரு பொடியன் வந்து ஏறினான். அவன் பின்னால் நாலு பேர். ஹாரன் பொத்தானை ஒருத்தன் கண்டுபிடித்துவிட்டான். அதற்கப்புறம் விடவில்லை, மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“டேய், பேட்டரி எறங்கிடும்டா” என்று அம்மா கத்தியது.

அப்பா கட்டிலில் படுத்தபடியே, “அடிக்கட்டும் வுடு” என்றார்.

மறுநாள் காலையில் பேட்டரி இறங்கித்தான் போயிருந்தது. நாலைந்து உதை உதைத்துக் கிளப்பினேன்.